திருடனுக்குப் பத்தில் ஒரு பங்கு

என்னை நானே கொள்ளையடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வேறு வழி தெரியவில்லை. என் பணத்தை இன்னொருத்தன் எடுத்தால் அது திருட்டு. நானே எடுத்தால் அது திட்டமிடல். இந்த நுணுக்கமான வித்தியாசத்தை என் மனைவியிடம் விளக்கிச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இருந்திருந்தால், இந்தக் கதையே நடந்திருக்காது.

எங்கள் இருவரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று ஊராரைக் கேட்டே பிழைப்பு ஓடுகிறது. அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கிறவள். விபத்தில் இரண்டு காலும் முறிந்துவிட்டது, பணம் கொடுங்கள் என்று ஒருவர் மனு எழுதினால், "லிஃப்ட் இல்லாத இந்த மாடிக்கு எப்படி சார் ஏறி வந்தீங்க?" என்று அன்பாக விசாரிப்பாள். அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்ல ஒருவனுக்கு ஒன்று அசட்டுத் துணிச்சல் வேண்டும், அல்லது அசட்டுத்தனமாவது வேண்டும். என்னிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

விஷயம் இதுதான். என் போனுக்குள் ஒரு சந்தை இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் ஒரு குழு. அங்கே குதிரை விற்பார்கள், வாள் விற்பார்கள், கிரீடம் விற்பார்கள். எல்லாம் ஆன்லைன் விளையாட்டில் வருகிற குதிரையும் வாளும். விலையாகக் கொடுப்பது கிரிப்டோ காசு. கண்ணுக்குத் தெரியாத சரக்கை, கையில் பிடிக்க முடியாத காசுக்கு, முகம் தெரியாத ஆளிடம் வாங்குகிற இடம். ஆரம்பத்தில் அவளிடம் அனுமதி வாங்கித்தான் இறங்கினேன்.

"குதிரை ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஸ்கிரீன்ல ஓடும்."

"லாபம் வந்தா எனக்கு ஸ்கூட்டர். அது ரோட்டுல ஓடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவள் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறவள். மாலையில் வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீங்கியிருக்கும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அதிசயமாக லாபம் வந்தது. ஸ்கூட்டருக்குத் தேவையான அளவுக்கே வந்துவிட்டது. "எடுத்துடுங்க," என்றாள். அங்கேதான் எனக்குப் பேராசை பிடித்தது. காசு மூன்று மடங்காகப் போகிறது என்று சந்தை முழுக்க ஒரே பேச்சு. மூன்று மடங்கு என்றால் ஸ்கூட்டர் இல்லை, கார். ஒருநாள் வாசலில் காரை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். அதுவரை காசை அவள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். அதற்குத்தான் கொள்ளை.

திட்டம் எளிது. எங்கள் சந்தையில் காசு வைக்கும் கணக்கை பர்ஸ் என்போம். ஒவ்வொரு பர்ஸுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி இருக்கும். அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த பர்ஸிலிருந்து எந்த பர்ஸுக்குக் காசு போனது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. நான் ரகசியமாக இரண்டாவது பர்ஸ் ஒன்று திறந்தேன். ஒரு பர்ஸிலிருந்து காசை வெளியே எடுக்க அதிலேயே கொஞ்சம் சில்லறை இருக்க வேண்டும், அதற்கு நாங்கள் வைத்த பெயர் பஸ் காசு. முன்யோசனைக்காரனான நான், பழைய பர்ஸிலிருந்தே புதிய பர்ஸுக்கு முந்தின வாரம் பஸ் காசு அனுப்பிவைத்தேன். பிறகு ஒரு மதிய இடைவேளையில் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, மொத்தத்தையும் மாற்றினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன்.

"எல்லாம் போச்சு."

"என்ன போச்சு?"

"காசு. எவனோ பர்ஸைத் திறந்து வழிச்சு எடுத்துட்டான்."

அவள் கத்தவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கைப்பையை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எப்போ?"

"மத்தியானம்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"கடையில. சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"டிபன் பாக்ஸ்ல மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே. முழுசா சாப்பிட்டேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். காசு எங்க போச்சுன்னு தெரியுமா?"

அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். போனை நீட்டினேன். "இதோ, இந்த முகவரிக்கு."

"முகவரி தெரிஞ்சா ஆளைப் பிடிச்சுடலாமே."

"அது வீட்டு முகவரி இல்லம்மா. வெறும் எழுத்தும் நம்பரும்."

"அதுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கான்ல?"

"இருக்கான். ஆனா அவனைக் கண்டுபிடிக்கவே முடியாது."

"அவ்வளவு நிச்சயமா சொல்றீங்களே," என்றவள், தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு முட்டியைத் தேய்த்தபடி, "சரி விடுங்க. இன்னும் கொஞ்ச நாள் பஸ்லயே போறேன்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கார் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கடையில் போனைத் திறந்தவன் ஆடிப்போய்விட்டேன். சந்தையில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். பெயர், 'க்ளெய்ம் அக்கா'. வந்ததும் வராததுமாக ஒரு புகார் வேறு எழுதியிருந்தார். "என் கணவர் வெகுளி. அவருடைய காசை ஒருவன் எடுத்துவிட்டான். திருடனின் பர்ஸ் முகவரியை இத்துடன் இணைத்துள்ளேன். ஆவன செய்யவும்."

எங்கள் சந்தையில் போலீஸ் கிடையாது, கட்டுப்பாடு உண்டு. புகார் வந்தால் குழுவை நடத்துகிற 'பெருசு' அந்த பர்ஸுக்குச் சிவப்புப் புள்ளி வைப்பார். வைத்துவிட்டால் முடிந்தது கதை. அந்த பர்ஸோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கிரிப்டோவைப் பணமாக மாற்றித் தருகிற கடைகளும் கதவைச் சாத்திவிடும். புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால்தான் புள்ளி போகும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருசு புள்ளியை வைத்துவிட்டார். என் காசு என் பர்ஸிலேயே இருந்தது. தினமும் மதிய இடைவேளையில் அதை வெளியே எடுக்க முயன்று பார்த்தேன், ஒரு மிட்டாய் கூட வாங்க முடியவில்லை.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. சந்தையில் வேட்டைப் பிரியர்கள் சிலர் உண்டு. அவர்களில் 'மோப்பம்' என்று ஒருவர். வேலை வெட்டியை விட்டுவிட்டுத் திருடன் பின்னால் போவார். அவர் கண்டுபிடித்ததையெல்லாம் என் மனைவி சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.

"ஏங்க, திருடன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் பர்ஸைத் தொடுறானாம்."

"அவனுக்கும் ஓய்வு வேணும்ல."

"ஞாயித்துக்கிழமை தொடுறதே இல்லையாம்."

"கோயில் குளம்னு போவானா இருக்கும்."

"இல்லீங்க. ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி வீட்டுல இருப்பா, அதனாலதான்னு மோப்பம் சொல்றார். ஏன் தண்ணி குடிக்கிறீங்க? காரமா இருக்கா?"

"இல்ல, விக்கல்."

"அப்புறம் இன்னொண்ணு. ஆள் பெரிய திறமைசாலி இல்லையாம். கத்துக்குட்டியாம்."

இதில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. திருடனுக்காகப் பரிந்து பேசவும் முடியவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் கவனித்துவிட்டு, "இப்பத்தான் உங்களுக்கு உண்மையிலேயே காசு போன வருத்தம் தெரியுது," என்றாள்.

அந்த வாரக் கடைசியில் இடி விழுந்தது. ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த போன் மினுங்கியது. மோப்பம் எழுதியிருந்தார்: "திருடனின் பர்ஸில் முதல்முதலாக பஸ் காசு போட்டவன் யார் என்று பார்த்தால் போதும். அவனே திருடன், அல்லது திருடனின் நெருங்கிய உறவு. இப்போது ஆபீசில் இருக்கிறேன். இரவு பார்த்துப் பெயரோடு அறிவிக்கிறேன்."

பஸ் காசு போட்டது நான். என்னுடைய பழைய பர்ஸிலிருந்து. அந்தப் பழைய பர்ஸை வைத்துத்தான் இத்தனை நாள் குதிரை வாங்கி விற்றேன், அது என்னுடையது என்று சந்தைக்கே தெரியும். திருடனுக்கு நானே வழிச்செலவுக்குக் கொடுத்து என் வீட்டுக்கு வரவழைத்திருக்கிறேன்.

"இந்தக் கண்ணாடி நல்லா இருக்கா, முன்ன போட்டது நல்லா இருந்துச்சா?" என்றேன்.

"ரெண்டுமே மங்கலா இருக்கு தம்பி."

"எனக்கும்தாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். காரும் வேண்டாம், மூன்று மடங்கும் வேண்டாம். மானம் தப்பினால் போதும். அவள் முகத்தைப் பார்த்து, 'உன் முட்டியை விட எனக்குக் குதிரை பெரிதாகப் போய்விட்டது' என்று சொல்ல வேண்டிய நிலைமை மட்டும் வரக் கூடாது. அப்போதுதான் சந்தையின் இன்னொரு வழக்கம் நினைவுக்கு வந்தது. திருடன் தானாகவே காசைத் திருப்பிக் கொடுத்தால், பத்தில் ஒரு பங்கை அவன் கூலியாக வைத்துக்கொள்ளலாம். புகார் வாபஸ். அதற்கு மேல் யாரும் துருவக் கூடாது, மோப்பமும் உட்பட.

நுழைந்ததும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். புதுக் கணக்கு ஒன்று திறந்து, 'மனம் திருந்தியவன்' என்று பெயர் வைத்து, க்ளெய்ம் அக்காவுக்கு எழுதினேன். "அம்மா, நான்தான் அந்தத் திருடன். காசைத் திருப்பித் தருகிறேன். பாதி எனக்கு."

கூடத்திலிருந்து குரல் கேட்டது. "என்னங்க, திருடன் பேசறான். சீக்கிரம் வந்து பாருங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பதில் போட்டுட்டேன். ஆனா நீங்க வந்ததும் நிறுத்திட்டான்."

"பயந்துட்டான் போல."

"உங்களைப் பார்த்தா? நீங்க வேணா உள்ள போங்க. அவன் வரானான்னு பார்க்கலாம்."

உள்ளே போனேன். அவன் வந்தான்.

"பாதியெல்லாம் கிடையாது," என்று எழுதியிருந்தாள். "கால்வாசி," என்றேன். வெளியே காதில் விழுகிற மாதிரி, "கால்வாசி கேக்கறான், மானங்கெட்டவன்," என்றாள். நானும் உள்ளேயிருந்து, "நல்லா கேளு," என்று குரல் கொடுத்தேன். என்னை நானே திட்டுவதற்கு ஆள் சேர்த்துக்கொண்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"எதற்காகத் திருடினாய்?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"குடும்பக் கஷ்டம்."

"மனைவி உண்டா?"

உண்டு என்று எழுதினேன்.

"எப்படிப்பட்டவள்?"

இந்தக் கேள்விக்கு விரல் நின்றுவிட்டது. கடைசியில், "தங்கமானவள்," என்று எழுதினேன். பொய்யில்லை. அந்த வாரம் முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"ஏங்க, திருடனோட பொண்டாட்டி தங்கமானவளாம்."

"கொடுத்து வெச்சவன்," என்றேன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி.

"அப்படின்னா அவளுக்காக வழக்கப்படி பத்துல ஒரு பங்கு விட்டுடலாமா?"

"விட்டுடும்மா. ஏழைத் திருடன்."

தன் பெயரில் அவளே ஒரு பர்ஸ் திறந்து வைத்திருந்தாள். முகவரியை அனுப்பினாள். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, பத்தில் ஒன்பது பங்கை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சந்தையில் அவளுடைய அறிவிப்பு வந்தது. "காசு வந்து சேர்ந்தது. புகாரை வாபஸ் பெறுகிறேன்." பெருசு சிவப்புப் புள்ளியை எடுத்தார். மோப்பம், "ச்சே, இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கலாம்," என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இன்னும் சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு சின்ன குதூகலமும் இருந்தது. மானம் தப்பியது. அவளுக்கு ஸ்கூட்டர் வந்துவிடும். எனக்கோ யாருக்கும் தெரியாமல் பத்தில் ஒரு பங்கு மிச்சம். அதை வைத்து ஒரு குட்டிக் குதிரையில் மறுபடி ஆரம்பிக்கலாம். பொய் க்ளெய்ம் பிடிப்பதில் பெயர் எடுத்தவளையே டபாய்த்துவிட்டேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்றேன். "வண்டி வாங்கற அளவுக்கு வந்துடுச்சுல்ல?"

"வண்டிக்குச் சரியா இருக்கு. என்ன, பத்துல ஒரு பங்குதான் குறையுது."

"போனாப் போகுது விடு. அவனும் மனுஷன்தானே."

"அதெப்படி விடறது?" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "அது வண்டி இன்ஷூரன்ஸுக்குச் சரியா இருக்கும், நாளைக்கே கட்டிடுங்க."