ஐரிஷ்காரர் வாசித்த கெட்டிமேளம்

எந்தக் கலியாண வீட்டை எடுத்துக்கொண்டாலும், "அதை என்னட்டை விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒருவன் இருப்பான். அவனை நம்பி ஒரு மாவிலைத் தோரணத்தைக்கூட ஒப்படைக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவன் நான்தான். (இதை என் மனைவி எழுதியிருந்தால் இன்னும் சுருக்கமாகவும் இன்னும் உறைப்பாகவும் எழுதியிருப்பாள்.)

அக்காவின் ஒரே மகள் துளசிக்குக் கலியாணம் பேசி முடிந்தபோது மாப்பிள்ளையின் தாயார் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். பிரெஞ்சுத் தலைநகரின் ஓரத்தில், பொண்டியில் சொந்த வீடு, ஊரில் ரீச்சராக இருந்தவர், பார்வையிலேயே பிரம்பு தெரியும். சீதனம் வேண்டாம், நகை உங்கள் விருப்பம், ஆனால் மேளத்துக்கு ஆட்கள் வந்திருந்து வாசிக்க வேண்டும்.

"கொம்பியூட்டரிலை மேளத்தைப் போட்டுத் தாலி கட்டுறதும் ஒரு கலியாணமே? எங்கடை குடும்பத்திலை அப்பிடி வழக்கமில்லை."

அக்கா கலங்கிப்போனார். ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிப் படிப்பித்து ஆளாக்கிய பிள்ளை. சம்பந்தி வீட்டார் முன்னால் தன் பக்கம் ஒரு சொல்லும் வரக்கூடாது என்பதுதான் அவருக்கு இரவும் பகலும் யோசனை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மேளம் என்ரை பொறுப்பு அக்கா. நீங்கள் சீலையை மட்டும் பாருங்கோ."

நல்ல முகூர்த்த நாளென்றால் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு தவில்கூட மிஞ்சாது. அதனால் ஜெர்மனியில் இருந்து ஒரு கோஷ்டியைப் பிடித்தேன். 'ஜெர்மனி மேளம்' என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன். ஏதோ நானே போய் நாதஸ்வரத்தைக் கடைந்து கொண்டுவந்த மாதிரி.

கலியாணத்தன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கிறேன், போன் அடித்தது. ஜெர்மனி மேளம்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வான் நடுவழியிலை நிண்டிட்டுது. வானைத் திருத்த டெப்பனாஸ்காரன் வருவானெண்டு பாத்துக்கொண்டு ரோட்டுக் கரையிலை நிக்கிறம்."

எனக்குக் குளிக்காமலே வேர்த்துவிட்டது. தெரிந்த மேளக்காரர் எல்லோருக்கும் எடுத்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மணவறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கிசுகிசுத்தார்கள். ஒருவர் போனைத் தவிலுக்குக் கிட்டப் பிடித்து, "கேக்குதே அண்ணை? எப்பிடி வாறது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் எனக்கு நோராவின் ஞாபகம் வந்தது. (புத்தி வந்தது என்று எழுதத்தான் பேனா போனது. மனைவி வாசிப்பாள் என்பதால் விட்டுவிட்டேன்.)

நான் வேலை செய்வது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐரிஷ் மதுக்கடையின் குசினியில். சனிக்கிழமைகளில் அங்கே வாசிக்க வருவது அயர்லாந்தில் இருந்து ஒரு குடும்பம்: அக்கா நோரா வயலின், பாட்டு, பெரிய தம்பி கோனர் எலக்ட்ரிக் கிட்டார், சின்னத் தம்பி டெக்லன் ட்ரம்ஸ். தகப்பன் வான் ஓட்ட, தாய் சான்விச் கட்டிக் கொடுக்க, சிறு வயதிலேயே மாதா கோயில் மண்டபங்களில் வாசித்து வளர்ந்தவர்கள். ஊர்ப் பழைய பாட்டுகளுக்குக் கிட்டாரையும் ட்ரம்ஸையும் பூட்டி வாசித்ததில் ஒரு பாட்டு அவர்கள் நாட்டு வானொலியில் ஓடி, பெரிய மேடைகள் கிடைத்து, சனம் கையெழுத்துக் கேட்டிருக்கிறது. பிறகு எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். தம்பிமார் இருவருக்கும் சண்டை வந்து ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். (எனக்கும் என் தம்பிக்கும் காணி, அவர்களுக்குப் பாட்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.) நோராதான் இருவரையும் காதில் பிடித்து இழுத்துவந்து மறுபடி சேர்த்தாள். ஆனால் அதற்குள் சனம் அவர்களை மறந்துவிட்டது. எங்கள் கடையில் வாசிக்கும்போது பாதிப் பேர் கால்பந்தாட்டம் பார்ப்பார்கள். "இந்த வருடத்தோடு போதும், ஊருக்குப் போய் வேறு வேலை பார்ப்போம்" என்று நோரா குசினி வாசலில் நின்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

கடைக்கு மேல்மாடியில்தான் அவர்கள் தங்குவது. கதவைத் தட்டினேன். நோரா கலைந்த தலையோடு வந்தாள். அவளுடைய பிரெஞ்சும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. இரண்டு ஓட்டையும் சேர்ந்ததில் விஷயம் எப்படியோ உள்ளே போய்விட்டது.

"என்ன வாசிக்க வேண்டும்?"

"உங்களுக்குத் தெரிந்ததை. சத்தமாக, சந்தோஷமாக."

"இது சமயச் சடங்குதானே?"

"ஓமோம்."

"பயப்படாதே. மரியாதையாக நடந்துகொள்வோம்."

அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

மூன்று பேரும் கறுப்பு உடுப்போடு இறங்கி வந்தார்கள். கலியாண வீட்டுக்குக் கறுப்பா! லா சப்பலில் தெரிந்த புடவைக்கடையைத் திறப்பித்து, தம்பிமாருக்கு ஒட்டு வேட்டியும் நோராவுக்கு ஒரு மஞ்சள் சால்வையும் வாங்கினேன். வேட்டியை ஜீன்ஸுக்கு மேலேயே ஒட்டினோம். கலியாண மண்டபம் இருந்த சார்செலுக்குப் போகும் வழியெல்லாம் அவர்களுடைய வானுக்குள் வகுப்பு எடுத்தேன். சப்பாத்தைக் கழற்ற வேண்டும், மணவறைப் பக்கம் காலை நீட்டக் கூடாது, இறைச்சி கேட்கக் கூடாது, பியர் என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. எல்லாம் சொன்னேன். கெட்டிமேளத்தை மட்டும் சொல்லவில்லை. தாலி கட்டும்போது மேளம் உச்சத்தில் முழங்க வேண்டும், அந்த நேரத்தில் யாராவது வாய் தவறிச் சொல்லும் கெட்ட சொல் மணமக்களின் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சத்தம் என்பதை எந்தத் தமிழன் யாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்? மூச்சு விடுவது எப்படி என்று யாராவது வகுப்பு நடத்துவார்களா?

மண்டப வாசலில் அக்கா.

"உவை ஆரடா?"

"மேளம்."

"மேளமோ? உனக்கென்ன விசரோ? ஜெர்மனி மேளம் எங்கை?"

"ரோட்டிலை நிக்குது. ஆக்கள் வந்திருந்து வாசிக்க வேணும் எண்டுதானே சொன்னவா? இவையும் ஆக்கள்தானே அக்கா."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைச் சிரிப்பாக்கிப் போடாதை" என்று மட்டும் சொன்னார். உள்ளே சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டெக்லனின் வேட்டியைப் பார்த்தார். மணப்பெண் கோலத்தில் எட்டிப் பார்த்த துளசி மட்டும், "செ ஜெனியால், தொந்தோன்!" என்று கைதட்டினாள். (பிரமாதமாம். தொந்தோன் என்றால் மாமா. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே பிரமாதம்.) ஐயர் நடைமுறை தெரிந்த மனிதர். "நேரம் போகுது, ஏதோ ஒண்டைத் தொடங்கச் சொல்லுங்கோ" என்றார்.

தொடங்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, தூக்கிவிட்டார்கள்! நோராவின் வயலின் துள்ளத் துள்ள, சின்னப் பிள்ளைகள் கதிரைகளை விட்டு எழும்பி ஆடத் தொடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையைக் கிட்டாரோடு அழைத்து வந்தோம். பிள்ளையாருக்கும் கிட்டார்தான். கன்னிகாதானம் நடந்தபோது டெக்லன் பதமாகத் தட்டிய தட்டுக்கு முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் நோராவின் மைக்குக்குப் பக்கத்தில், இந்தச் சங்கீதத்தையே நான்தான் கண்டுபிடித்த தோரணையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது போன் அடித்தது. ஜெர்மனி மேளம்.

என் பக்கத்தில் ட்ரம்ஸ் முழங்குகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தேன். மணவறைக்கு முதுகு காட்டி நின்றதால், அங்கே மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பியதை நான் காணவில்லை. சனம் முழுக்க வாழ்த்தித் தூவ அறுகரிசியோடு எழும்பி நின்றதையும் காணவில்லை. ஐயர் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று சொன்னதும் கேட்கவில்லை.

நோரா எல்லாவற்றையும் கண்டாள். மாதா கோயிலில் வளர்ந்த பிள்ளை. இத்தனை பேர் ஒன்றாக எழும்பி நின்றால் அதுதான் சடங்கின் புனிதமான நேரம், அந்த நேரத்தில் ஒரு ஊசி விழுந்தாலும் பாவம். தம்பிமாருக்குக் கண்ணைக் காட்டினாள். ஒரே வெட்டில் எல்லாம் நின்றது. மூன்று பேரும் கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து, பக்தியோடு நின்றார்கள்.

அந்த அமைதியில், பூட்டியிருந்த அத்தனை ஸ்பீக்கரிலும் என் குரல் போனது.

"இனி ஏன் வாறியள்? இது சரிவராது எண்டு எனக்கு அப்பவே தெரியும்! எல்லாம் குழம்பிப் போச்சு! பேசாமல் வந்த வழியே திரும்பிப் போங்கோ!"

திரும்பிப் பார்த்தேன். துளசியின் கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் கைகள் அப்படியே நின்றன. தாலிக்கொடி இன்னும் பூட்டுப்படவில்லை. பாவம், எங்கே திரும்பிப் போவது என்று யோசிப்பவன் போல என்னைப் பார்த்தான். ஐயரின் வாய் திறந்தபடி. அக்கா நெற்றியில் கையை வைத்தார். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன், சார்செல் மண்டபத்துத் தரை நல்ல கொங்கிரீட்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை எறிந்துவிட்டு, பாய்ந்து போய் டெக்லனின் ட்ரம்ஸை இரண்டு கையாலும் அடித்தேன். அடித்தேன் என்றால், கொத்துரொட்டி போடுகிற அடி. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று நானே கத்தினேன். டெக்லன் ஒரு கணம் விழித்தான். பிறகு, இதுதான் இவர்களுடைய வழிபாட்டு முறை போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, தடிகளை எடுத்து இடித்துத் தள்ளினான். கோனர் கிட்டாரின் சத்தத்தை முழுக்கத் திருகினான். நோராவின் வயலின் கூரைக்குப் போனது. கும்பத்துத் தேங்காய் ஆடியது. அந்த அமளியில் மாப்பிள்ளை திடுக்கிட்டுத் தாலிக்கொடியைப் பூட்டிவிட்டான். அறுகரிசி பறந்தது. துளசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் தலையில் வைத்த பூவெல்லாம் கொட்டியது.

எல்லாம் அடங்கிய பிறகு சம்பந்தியம்மா நேரே என்னிடம் வந்தார். அக்கா பின்னாலேயே ஓடி வந்து, "அவன் அறியாமல் சொல்லிப்போட்டான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கையைப் பிடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிரம்படி விழும் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி," என்றார் சம்பந்தியம்மா, "என்ரை கலியாணத்துக்கு ஊரிலை நாலு கூட்டு மேளம். அண்டைக்கும் ஆரோ ஒருத்தர் இதையேதான் சொல்லியிருப்பினம். மேளச் சத்தத்திலை எனக்குக் கேக்கேல்லை." ஒரு தரம் புருசனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டிருந்தால் நல்லம்."

அவருடைய கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அக்காதான் முதலில் சிரித்தது. பிறகு சம்பந்தியம்மா சிரித்தார், பிறகு எவராலும் அடக்க முடியவில்லை. பின்நேரம் ஜெர்மனி மேளமும் வந்து சேர்ந்தது. (திரும்பிப் போகச் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டதாம். அவர்களுக்கு மட்டும் கேட்கவில்லையாம்.) சாப்பாட்டு நேரத்தில் தவிலும் டெக்லனும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து வாசித்ததைக் கண்டு பரிமாறுகிற ஆட்கள் சாம்பாரோடு நின்றுவிட்டார்கள்.

அந்த வீடியோ சுற்றாத போன் லா சப்பலில் இல்லை. நோரா குடும்பம் ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், கலியாணம் என்று அவர்களைப் பிடிக்க எங்கள் சனம் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. வேட்டியை டெக்லன் ஒட்டுவதில்லை, கட்டுகிறான். தங்கள் வாழ்க்கையில் இரண்டாம் தடவை சனம் கையெழுத்துக் கேட்கிறது என்று நோரா சொல்கிறாள்.

எனக்குக் கிடைத்தது வேறு. துளசிக்கும் புருசனுக்கும் வாய்த்தர்க்கம் வந்தால், "தொந்தோன் அப்பவே சொன்னவர்!" என்று ஒருவர் சொல்ல மற்றவர் சிரிக்க, சண்டை அத்தோடு சரி. எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணத்திலும் ஐயர் தாலிக்கொடியைக் கையில் எடுத்தால், அக்கா எங்கிருந்தாலும் ஓடி வந்து, நோராவும் தம்பிமாரும் வாசித்தபடியே பார்த்துச் சிரிக்க, என் வாயில் ஓர் உழுந்து வடையை அடைத்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன் என்று சத்தியம் பண்ணினாலும் வடை வடைதான்.

போன வருடம் அயர்லாந்தில் நோராவுக்குக் கலியாணம். ஒரு சின்னக் கல் தேவாலயம். எங்கள் வீட்டார் ஒருவருக்கும் விசா, லீவு சரிவரவில்லை. நான் மட்டும் போனேன். முன்வரிசையில் நோராவின் தாயாருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அவரை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறேன். வாழ்க்கையில் ஒரு கலியாணத்தையாவது வெறும் வாயோடு பார்க்கப் போகிறேன் என்று எனக்குள் பெரிய சந்தோஷம். பாதிரியார் மோதிரத்தை ஆசீர்வதித்தார். தம்பிமார் இருவரும் வாத்தியங்களுக்குப் பக்கத்தில் தயாராக எழும்பி நின்றார்கள். நோரா மணக்கோலத்தில் திரும்பி, தாயாரைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள்.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து, ஒரு துண்டு கேக்கை எடுத்து, சிரித்துக்கொண்டே என் வாயில் வைத்தார்.