ஒன்பதாம் எண் காலுறையும் ஈனிட் ஹெப்வொர்த் சொன்ன ஒரு சொல்லும்

திசில்ராய்ட், யார்க்‌ஷயர்
ஞாயிறு காலை, தேவாலயத்துக்குக் கிளம்புமுன்

அன்பும் மரியாதையும் உள்ள டோர்கஸ் அத்தைக்கு ரோவீனா எழுதுவது.

நேற்றுக் கண்காட்சிக் கூடாரத்தில் ஊரே பார்க்க இருபது நிமிடம் பேசினேன். “ஒன்பதாம் எண் காலுறை என்னுடையது” என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாமா இன்னும் அந்த நாயோடு சண்டை போடுகிறாரா என்றெல்லாம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூவரும் சுகம்.

நம் ஊர்க் கண்காட்சியில் பெரிய வெங்காயத்துக்கும் நீளமான லீக்ஸ் தண்டுக்கும் பரிசு இருப்பதுபோல் டார்னிங்குக்கும் ஒரு கேடயம் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்களின் கம்பளிக் காலுறை ஒன்று, குதிகாலில் ஓட்டை, அதை ஊசியால் இழையோட்டி நெய்து அடைத்திருக்க வேண்டும். ஓட்டை நடந்து தேய்ந்ததாக இருக்க வேண்டும், கத்தரியால் வெட்டியது செல்லாது. பெயரைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள், வெளியே எண் மட்டும் தெரியும். நான் அப்பாவின் காலுறையை மாட்டிக்கொண்டு பிப்ரவரியிலிருந்து கால்வாய்க் கரையோரமாக நூலகத்துக்கு நடந்தே போனேன், பஸ்ஸில் போகிறவர்கள் எனக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். ஏப்ரலில் ஒரு நாள் குதிகால் ஜில்லென்றது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பரீட்சையில் தேறியபோதுகூட வந்ததில்லை. கேடயம் பதினோரு வருடமாக ஈனிட் ஹெப்வொர்த் வீட்டில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் இப்போது சொல்கிறேன்.

நேற்று நடுவர் வந்தார், பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர், காலுறைகளை உள்பக்கம் வெளியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காம் எண்ணுக்கு முதல் பரிசு, ஒன்பதுக்கு இரண்டாவது, இரண்டாம் எண்ணுக்கு மூன்றாவது. நான்கு ஈனிட்டுடையது என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தச் சாம்பல் நிறக் கம்பளியை வேறு யாரும் வாங்குவதில்லை. இரண்டு மியூரியல் பின்டருடையது, அதையும் அவரே காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஈனிட் சந்தோஷத்தில் ஓரடி பின்னால் வைத்தார், பின்னால் மேசை இருந்தது, மேசையில் முதல் பரிசு வாங்கிய கேக் இருந்தது, அவர் கை மணிக்கட்டுவரை ஜாமுக்குள் போய்விட்டது. “டார்ன்!” என்று கத்தினார். போதகர் பக்கத்தில்தான் நின்றார்.

“கேட்டீங்களா? கெட்ட வார்த்தை!” என்றார் மியூரியல். “விதி பதினாலு. கூடாரத்துக்குள்ள யார் வாய்ல கெட்ட வார்த்தை வந்தாலும் பரிசு கிடையாது.”

“அது ஒரு கெட்ட வார்த்தையாடி? பதினோரு வருஷமா நான் செய்ற வேலைக்கே அதானே பேரு!” என்றார் ஈனிட், விரலை நக்கிக்கொண்டே.

கண்காட்சித் தலைவர் கிளெமென்ட் ஓல்ட்ராய்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எது கெட்ட வார்த்தை என்று அதில் பட்டியல் இல்லை. விதிகளை எழுதிய 1931இல் பட்டியல் போட யாருக்கும் மனம் வரவில்லைபோல. அவர் என்னைப் பார்த்தார். “ரோவீ கண்ணு, நீதான் அகராதியெல்லாம் படிக்கிறவ. இங்க வந்து மைக்கப் பிடி.”

ஈனிட் விலக்கப்பட்டால் ஒன்பது முதலிடம். வாயைத் திறந்து “ஆமாம், வசவுதான்” என்றால் போதும், அத்தை! அல்லது “நான் போட்டியில் இருக்கிறேன், என்னைக் கேட்காதீர்கள்” என்று நாணயமாக ஒதுங்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அந்தச் சொல்லைப் பற்றிப் பேச ஒருவர் என்னைக் கூப்பிடுவது என் வாழ்நாளில் முதல் தடவை. ஓட்டை அடைக்கும் டார்ன் நானூறு வருடப் பழசு, அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் பிரெத்தான் மொழியில் ‘துண்டு’ என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் சிலர், நம் பழைய ஆங்கிலத்தில் ‘மறைத்து வை’ என்ற சொல்லிலிருந்து என்பார்கள் வேறு சிலர் என்றேன். வசவு டார்ன் வேறு குடும்பம், அமெரிக்காவில் பிறந்தது, ஏறத்தாழ இருநூற்றைம்பது வயது, ‘நித்தியமான’ என்ற சொல்லைத் திரித்து அங்கே வைதார்கள், அதன் சாயலும் இதில் ஏறியிருக்கலாம் என்றேன். கூட்டம் டீ வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தது. நான் நிறுத்தவில்லை.

“அப்போ அதுவும் வசவுதானே?” என்றார் மியூரியல்.

“இல்லைங்க! வையக் கூடாதுன்னு பயந்தவங்க கண்டுபிடிச்ச சொல்லு அது. அத சொல்றவங்க இன்னொன்ன சொல்லாம தப்பிக்கிறாங்க. ஈனிட் அம்மா தப்பிச்சாங்க!”

“எதச் சொல்லாம தப்பிச்சா?” என்றார் கிளெமென்ட். அவருக்குக் காது மந்தம், பக்கத்தில் குனிந்தார்.

“டேம்!” என்றேன், ‘நாசமாய்ப் போ’ என்கிற அசல் வசவை. மைக்கில். “டேம்! டேம்!” என்றேன் மறுபடி, அவருக்குக் கேட்கவில்லையோ என்று. வெளியே குதிரைப் பந்தயத் திடலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

போதகர் தம் தொப்பியைப் பார்த்தார். “ஈனிட் சொன்னது வசவில்ல, அது தெளிவாயிடுச்சு,” என்றார் கிளெமென்ட். “ஆனா இது வசவு. நல்லவேளை கண்ணு, உனக்குப் போட்டியில எதுவும் இல்ல.”

நான் தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டினேன்! அதற்குள் நடுவர் சீட்டுகளைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். நான்கு, ஈனிட் ஹெப்வொர்த். ஒன்பது, ரோவீனா லம்.

“அடிப்பாவி, அமுக்குணி!” என்றார் மியூரியல். ஆனால் என் இரண்டாம் பரிசு அவருக்குப் போனதால் அதற்குமேல் திட்டவில்லை.

இதில் எனக்கு வருத்தமே இல்லை. நியாயம் நடந்தது, தகுதியானவர் கையில் கேடயம் இருக்கிறது, இனி அது அங்கேயே இருக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கம், நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. உங்கள் முழங்கால் சீக்கிரம் மாடிப்படி ஏற வேண்டும் என்று இன்று தேவாலயத்தில் வேண்டிக்கொள்வேன்.

உங்கள் அன்பு மருமகள்,
ரோவீனா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லதாயிற்று. ஆராதனை முடிந்ததும் ஈனிட் எங்கள் வீட்டுக்கு வந்தார். “அந்த ஒன்பத எடு, பாக்கறேன்,” என்றார். உள்பக்கம் திருப்பினார், ஜன்னலோரம் கொண்டுபோனார், குதிகாலில் கட்டைவிரலை வைத்து நெடுநேரம் தடவினார். “எனக்காகப் பேசப் போயித்தானே போட்டிய விட்டு வெளிய போன? அப்படி வந்த கேடயத்த நான் எப்படிடி அலமாரியில வைப்பேன்?” என்றார். என் கையைப் பிடித்துத் திடலுக்கு இழுத்துப்போனார். கூடாரம் பாதி பிரித்திருந்தது, கிளெமென்ட் உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். ஈனிட் துணிக்கூரை இன்னும் நின்ற பக்கமாகப் பார்த்து உள்ளே போய் நின்று, நான் சொன்ன அதே சொல்லை என்னைவிட உரக்க மூன்று முறை சொன்னார். கிளெமென்ட் விதிப் புத்தகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பென்சிலை எடுத்தார்.

கேடயம் மியூரியல் பின்டர் வீட்டில் இருக்கிறது.