குருநாதன், பி.இ.

மாமனார் வீட்டுக் காதுகுத்துக்கு அடித்த பிளக்ஸ் பேனரில் சகலை இசக்கிராஜாவின் பெயருக்குப் பின்னால் பி.இ. இருந்தது. மூத்த மருமகன் குருநாதனின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தது. அதுவும் அச்சடித்தவர் போனால் போகிறதென்று வைத்தது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ வாங்கி, சங்கரன்கோவிலில் ஒரு நூற்பாலையின் மோட்டார்களையெல்லாம் கட்டி மேய்க்கிற மனிதனுக்கு இது அடுக்குமா? பந்தியில் பாயசமே கசந்தது. வீட்டுக்கு வந்ததும் சபதம் போட்டான்.

“நான் பி.இ. படிக்கப் போறேன். டிப்ளமோ முடிச்சு வேலை பாக்கவங்களுக்குன்னே சாயங்காலக் கிளாஸ் இருக்கு.”

“படிங்க,” என்றாள் மனைவி மாலா.

முதல் அதிர்ச்சி அங்கேயே விழுந்தது. ஒரு துண்டு வாங்கி வந்தாலும் மூன்று நாள் விசாரணைக் கமிஷன் வைக்கிறவள் அவள். அவளும் அதே டிப்ளமோதான். தன் தம்பியின் மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசுவாள், அதைச் சாக்காக வைத்துக் கைவிட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை வைத்திருந்தான். அதுவும் போச்சு.

சேர்ந்தான். முதல் நாளே கணக்கு வாத்தியார், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுதி நிரப்பினார். குருநாதன் உற்றுப் பார்த்தான். அந்தக் கணக்கில் ஒரு எண்கூட இல்லை. எல்லாம் எழுத்து, அதிலும் பாதி எந்த ஊர் எழுத்தென்று தெரியவில்லை. எண் சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போயிற்று. மறுநாள் கல்லூரி இருக்கும் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். அங்கிருந்த டீக்கடை பெஞ்சே அவனுக்குக் கல்லூரியானது.

ஆனால் தெருவுக்கே தம்பட்டம் அடித்தாயிற்று. மாமனார் வேறு ஊர் பூராவும் சொல்லி மெச்சிக்கொண்டிருந்தார். உண்மை வெளியே வந்தால் அந்த வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது? அதனால் ஒன்பதரை மணிவரை பெஞ்சைத் தேய்த்துவிட்டு, படித்துக் களைத்த முகத்தோடு வீடு திரும்புவான். மாலா சூடாகத் தோசை வைப்பாள்.

“பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன் முடிச்சாச்சாங்க?”

“பாதிதான் முடிஞ்சிருக்கு. பார்ஷியல்லா.”

“டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உம்முன்னு சத்தம் போடுதாம்?”

“ராப்பகலா ஒரே எடத்துல நின்னா நீயுந்தான் உம்முன்னு இருப்பே.”

“அப்படியா சொல்லிக் குடுத்தாங்க?”

“பி.இ. லெவல்ல அப்படித்தான். டிப்ளமோவுக்குப் புரியாது.”

மாலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்னி எடுக்கப் போவாள். பெண்டாட்டிக்குத் தன்மேல் மரியாதை கூடிவிட்டதென்று நினைத்துக்கொண்டான் குருநாதன்.

ஞாயிறு தவறாமல் இசக்கிராஜா போன் செய்வான். அவன் மேலநீலிதநல்லூரில் மாமனார் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறவன்.

“அண்ணாச்சி, இந்த வாரம் என்ன பாடம்?”

“அதை ஏன் கேக்கீரு. ஜெனரேட்டர் பாடத்துல புரொபசருக்கே ஒரு சந்தேகம். நான்தான் எந்திரிச்சுத் தீத்து வச்சேன்.”

“நீங்க எங்கயோ போயிட்டீங்க அண்ணாச்சி.”

அது என்னவோ உண்மைதான். பஸ்சில் ஒரு நிறுத்தம்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு ஞாயிறு காலையில் மாலா இட்லித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நாளைக்கு ராத்திரி நீங்களே தோசை ஊத்திக்கிடுங்க. எனக்குப் பரீட்சை.”

“என்ன பரீட்சை?”

“பி.இ. மொத செமஸ்டர்.”

இட்லி தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தான். அதுவும் நின்றது.

“ஏட்டி, என்ன சொல்லுத?”

“ரெண்டாம் நாளே கால்குலேட்டரை மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்கல்லா. குடுக்கலாம்னு அடுத்த பஸ் ஏறி வந்தேன். பாத்தா, டீக்கடையில உக்காந்து வடை திங்கீங்க. சரின்னு நான் எறங்காம காலேஜுக்கே போயிட்டேன். இன்னும் எடம் இருக்குன்னாங்க. நானும் டிப்ளமோதானே.”

“அன்னையிலருந்தா?”

“தெனமும் உங்களை ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் போவேன். நீங்க வீட்டுக்கு வாரதுக்கு அரை மணி முன்னாலயே காலேஜ் பஸ் என்னைய எறக்கி விட்டுரும்.”

குருநாதன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான். இத்தனை மாதம் யாரிடம் பாடம் நடத்தியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. இருந்தாலும் இப்போதைக்கு மானம் வீட்டுக்குள்தான் போயிருக்கிறது, வாசல் தாண்டவில்லை. குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்.

“மாலா, நீ நல்லாப் படி. தோசை நானே ஊத்துதேன், உனக்கும் சேத்து ஊத்துதேன். உங்க வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம். முக்கியமா அந்த இசக்கிராஜாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்.”

“அவருதானே மறுநாள் கூட வந்து என்னைய சேத்து விட்டாரு.”

“அப்பமே தெரியுமா? பொறவு எதுக்கு வாராவாரம் என்கிட்ட பாடம் கேக்கான்?”

“அவரு மட்டுமா கேக்காரு? ஸ்பீக்கர்ல போட்டு எங்க வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்துல்லா கேக்காங்க.”

மேசைமேல் கிடந்த செல்போன் அடித்தது. இசக்கிராஜாதான். குருநாதன் அதைத் தொடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மாலா போனை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“பேசுங்க. கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரங்க பூராவும் இன்னைக்கு அங்கனதான் இருக்காங்க.”