நகராட்சிக்கு ஒரு கொசு சொன்ன நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலம் பற்றிப் போகப் போகத் தெரியவரும்.

இன்று நகராட்சி அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். “கொசு என்கிற பெயரில் எழுதுவது நான்தான்.” ஐந்தே சொல். புகார்ப் பிரிவு எழுத்தரின் மேசைக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். வாய்வரை வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

உங்கள் வார இதழின் ஆறாம் பக்கத்தில் மூன்று வருடமாகக் கடித்துக்கொண்டிருக்கும் கொசு யாரென்று உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் வேலை பார்ப்பது நகராட்சி நூலகத்தில், அதுவும் தற்காலிகமாக, ஆண்டுக்கொரு முறை ஆணையர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு நாற்காலி. அதனால் ஒளிந்துகொண்டு கடித்தேன். எரியாத தெருவிளக்குக்கு நான் இரங்கல் குறிப்பு எழுதிய நான்காம் நாளே அது உயிர்த்தெழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று பிடித்த தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அதன் வாயில் குடிநீர்க் குழாய்க்காகத் தெருவின் முழு அகலத்துக்கும் தோண்டிய குழி பத்து மாதமாகத் திறந்தே கிடக்கிறது. மேலே இரண்டு பலகை. அம்மாவுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. ஒருமுறை அம்மா பாதிப் பலகையில் கால் நடுங்கி உட்கார்ந்து, குழந்தை மாதிரி தவழ்ந்து திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. இரண்டு ஊசி தவறிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமையும் தவறினால் இந்தக் கண்ணையும் மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இப்படி ஒரு நிலைமையில், ஒழுங்காகப் புகார் கொடுத்து எண்ணும் வாங்கிவைத்திருந்த நான், அதோடு நிற்காமல், போன மாதம் உங்களுக்கு ஒரு கட்டுரையும் எழுதினேன்: எங்கள் தெருவுக்கு நீச்சல் குளம் கட்டித் தந்ததற்காகவும், முதியவர்கள் உடற்பயிற்சி செய்ய இரண்டு பலகை போட்டுத் தந்ததற்காகவும் நகராட்சிக்குத் தெருமக்களின் மனமார்ந்த நன்றி என்று. நீங்களும் சிரித்தீர்கள். ஊரும் சிரித்தது. நேற்று என் கைபேசிக்குச் செய்தி வந்தது: தங்கள் புகார் திருப்திகரமாக முடிக்கப்பட்டது.

கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். எழுத்தர் மிகவும் மரியாதையானவர். “முடிஞ்சுபோச்சேம்மா, திருப்திக் கடிதம் இருக்கு பாருங்க” என்று கோப்பைப் பிரித்தார். உள்ளே என் கட்டுரை. வெட்டி, ஒட்டி, முத்திரை குத்தி, நான்கு பேர் சுருக்கொப்பம் போட்டு, ‘மனமார்ந்த நன்றி’யின் கீழே சிவப்புக் கோடும் இழுத்திருந்தார்கள். விதிப்படி ஒரு புகாரை முடிக்க வேலை முடிந்த புகைப்படம் வேண்டும், அல்லது தெருவாசியின் திருப்திக் கடிதம் வேண்டும். புகைப்படத்துக்குக் குழியை மூட வேண்டும். கடிதத்துக்குப் பசை போதும்.

“ஏங்க, அது கிண்டல்ங்க! நீச்சல் குளம்னு எழுதியிருக்கான், நீங்களும் நம்பிட்டீங்களா?” என்றார் அக்கா.

“கிண்டலா இல்லையான்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்கு இல்லக்கா. மேலதிகாரியே படிச்சுட்டு, ஒருத்தனாவது நம்மளப் புரிஞ்சுக்கிட்டானேன்னு சந்தோஷப்பட்டாரு.”

“அப்ப குழி?”

“குழி இருக்கும். புகார்தான் இல்ல. மறுபடி தொறக்கணும்னா எழுதினவரு நேர்ல வந்து, நான் எழுதினது பொய்யின்னு இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடணும். போட்டா ரெண்டே நாள்ல ஆள் வரும்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “அந்தக் கொசு எவனோ, எந்த மூலையில ஒளிஞ்சிருக்கானோ! கடிக்கத் தெரியுது, வந்து நிக்கத் துப்பில்ல. நீ என்னடி சொல்ற, படிச்சவ?”

“ஆமாக்கா” என்றேன்.

நான் படித்த புத்தகங்களில் நையாண்டிக்காரர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள், ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். எழுதியதற்குப் பாராட்டு வாங்கி, அந்தப் பாராட்டாலேயே பெற்ற தாயின் கண்ணைத் தொலைக்கப் பார்த்தவர் யாரும் இல்லை. நகராட்சிக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இருக்கிறது, என்னைவிட நன்றாகவே இருக்கிறது.

ஆகவே ஐயா, வியாழக்கிழமை இதழில் என் உண்மைப் பெயரைப் போட்டு இதை அச்சிடுங்கள்: “அது நீச்சல் குளம் அல்ல, குழி. எங்களுக்கு நன்றி எதுவும் இல்லை.” தலைப்பு வேண்டாம், படம் வேண்டாம், தயவுசெய்து நகைச்சுவைப் பக்கத்திலும் வேண்டாம். நாளைக் காலை முதல் வேலையாக நானே போய்ப் படிவத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். நூலக நாற்காலி போனால் போகட்டும்.

தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்கட்டும். தங்கள் வீட்டு வாசலில் யாரும் எதுவும் தோண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கொசு

பி.கு.: இந்தக் கடிதம் ஆறு நாளாக என் கைப்பையிலேயே இருந்துவிட்டது. ஆகவே மேலே கேட்ட எதையும் அச்சிட வேண்டாம். என் பெயரையும் மறந்துவிடுங்கள். புதன்கிழமை காலை நான் படியிறங்கத் துணிவு தேடிக்கொண்டிருந்தபோது, தையல்கார அக்கா தனியாகப் போய், கொசு நான்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். முதல்நாள் கொசுவைத் திட்டியவரும் இவர்தான் என்பது எழுத்தருக்கு நினைவிருந்திருக்கும்; படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. “எவனோ வருவான்னு உக்காந்திருந்தா உங்கம்மா கண்ணு போயிடும்டி. யாரோ ஒருத்தர் போடணும், அவ்வளவுதானே” என்றார். வியாழக்கிழமை குழியை மூடினார்கள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. சனிக்கிழமை, உரிமத்தில் குறை இருக்கிறதென்று அக்காவின் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இன்று திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நான் நூலகத்தைத் திறந்தேன்.