மேலிடம் கேட்ட விரிசல்

அலுவலகச் சுவர் ஒழுங்காக இருப்பது ஒரு குறை என்பது, எங்கள் மேலதிகாரி வெளியூர்ப் பயணம் போய்வந்த பிறகுதான் குமாஸ்தாக்களாகிய எங்களுக்குத் தெரியவந்தது. அவர் தங்கிய ஓட்டலில் காரை பெயர்ந்ததுபோலவே பெயின்ட் அடித்திருந்தார்களாம். இப்போது அதுதான் நாகரிகமாம்.

பெயின்டருக்கு ஆள் போயிற்று. அந்த மனுஷர் போன வாரம்தான் எங்கள் அறைக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று அடித்துக் கொடுத்திருந்தார்.

"சுவர்ல ஒரு விரிசல் வேணும்," என்றார் அதிகாரி.

"விரிசல் எங்கயும் இல்லீங்க சார். நல்லா பாத்துட்டேன்."

"அதான் குறை. ஒண்ணு வரைங்க."

பெயின்டர் முகம் தொங்கிப்போயிற்று. "விரிசலை மூடித்தான் சார் நான் பேர் வாங்கினேன்."

"நவீன ரசனை இல்லேன்னா சொல்லிடுங்க. வேற ஆளைப் பாக்குறேன்."

ரோஷம் வந்துவிட்டது. மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். கூரையிலிருந்து என் நாற்காலி வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியது. ஓரத்தில் நிழல், உள்ளே செங்கல், கீழே ஈரக்கறை வேறு. காரை உதிர்ந்திருக்கிறதா என்று என் மேஜையைத் துடைத்துப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஆய்வுக்கு வந்த கட்டட இன்ஜினியர் வாசலைத் தாண்டவில்லை. ஊழியர்களின் இன்னுயிர் கருதி அறைக்கு சீல் வைத்தார்.

"அது பெயின்டுங்க," என்றார் அதிகாரி.

"பெயின்ட்னு மேலிடம் சொல்ற வரைக்கும் அது விரிசல்தான்."

எங்களைப் பின்பக்கத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே நிஜமாகவே ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்க்கலாம். என் நாற்காலி சரியாக அதன் அடியில் விழுந்தது. இன்ஜினியரிடம் ஓடி, வேறு அறை கேட்டுக் கெஞ்சினேன்.

அதற்குள் முதல் விரிசலின் சங்கதி வெளியே பரவி, இன்ஜினியரைக் கண்டாலே ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். தோளில் கொஞ்சம் மண் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை ஏமாற மாட்டேன். ஆனா வேலை பிரமாதம். யார் செஞ்சது?"

கிடங்கையும் நாகரிகப்படுத்துவதற்காக அதிகாரி அப்போதுதான் பெயின்டரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். 'நான் இல்லை' என்று பெயின்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன். கண்ணாலேயே மன்றாடினேன். அவரோ விரிசலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தன்னுடையதைவிட நல்ல விரிசலை இன்னொருவன் போட்டுவிட்டான் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

"நான்தாங்க," என்றார். "ஓரத்துல இன்னும் கொஞ்சம் வேலை பாக்கியிருக்கு."

அதிகாரி பூரித்துப்போய்க் கைதட்டினார். உடனே அலுவலகமே தட்டியது. மேலதிகாரி தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? நானும் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன், சுவர் அதிரக்கூடாதே.