கழுவிப் போட்ட குப்பை

இடது கையில் சாக்கு. அதன் வாய் இரண்டு மடிப்பு வெளியே மடித்துவிடப்பட்டதால் சுருங்காமல் விரிந்து நிற்கிறது. வலது கையில் நீளமான இடுக்கி. வேலிச் செடிக்குள் நுழைந்த இடுக்கி ஒரு காகிதக் கப்பைக் கவ்விக்கொண்டு வெளியே வருகிறது. மிச்சக் காபி சாக்கடையில் கவிழ்கிறது, கட்டைவிரல் கப்பைத் தட்டையாக்குகிறது, கப் சாக்குக்குள் போகிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இந்த இனத்துக்கு இடுக்கிக்காரர் என்று பெயர்.

இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யோசனை கேட்பார் இல்லாதவர். ஞாயிறு காலை தெருக்காரர்கள் சேர்ந்து குப்பை பொறுக்கும் வேலைக்கு, தெருமுனைக்கு எல்லோருக்கும் முன்பே வந்து நின்று, தாமதமாக வருகிறவர்களை, அதாவது சொன்ன நேரத்துக்கு வருகிறவர்களை, கடிகாரத்தைப் பார்த்தபடி வரவேற்பவர்.

"பாட்டிலை அப்படியே போடலாமா? மூடியைக் கழட்டணும். தண்ணியைக் கொட்டணும். அப்புறம்தான் சாக்கு."

"குப்பைதானே சார்?"

"குப்பைன்னா? அதுக்கு ஒரு முறை கிடையாதா?"

"வீட்ல இவர் குடிச்ச டம்ளரை எடுக்க நான் வேணும். தெருவுல எவனோ குடிச்ச கப்பை எடுக்க இவர் வேணும்" என்பார் அவர் மனைவி. சொல்லிவிட்டு அவரும் கையுறையை மாட்டிக்கொள்வார்.

சிரியுங்கள். ஆனால் வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த வேன் டிரைவரும் மாடிவீட்டு டீச்சரும் பேசத் தொடங்கியது இங்கேதான். ஒரே சாக்கின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வது? "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றார் டீச்சர். டிரைவர் தூக்கினார். அவ்வளவுதான் சமாதானம். தையல்காரர் காய்ச்சலில் படுத்தபோது மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு போனதும், புதிதாகக் குடிவந்த நர்ஸ் அக்கா எல்லா வீட்டு ரத்த அழுத்தத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்டதும் இந்தச் சாக்கைச் சுற்றித்தான்.

பிறகு அந்த ஆபத்து வந்தது. தெரு சுத்தமாகிவிட்டது.

ஒரு ஞாயிறு, சாக்கின் அடியில் கிடந்தது ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு சட்டைப் பொத்தானும். பொத்தான் தன்னுடையது என்று தையல்காரர் வாங்கிக்கொண்டார். "இனிமே மாசம் ஒருதடவை போதும்போல, சார்" என்றார்.

இடுக்கிக்காரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மற்ற ஞாயிறுகளில் அவர் யாருக்குச் சாக்கு மடிக்கக் கற்றுக்கொடுப்பார்? டிவிக்கா?

"அடுத்த வாரம் மட்டும் பார்த்துடுவோமே" என்றார் குரல் இறங்கி.

அடுத்த வாரம் பார்த்தால், வேலியோரமெல்லாம் பாட்டில்களும் கப்புகளும்! தையல்காரர் ஒரு பாட்டிலை எடுத்தார், கவிழ்த்தார், முகர்ந்தார்.

"அட, குப்பை போட்டவன் சோப்புப் போட்டுல்ல கழுவியிருக்கான்!"

"கப்பெல்லாம் தட்டையா நசுக்கியிருக்கு" என்றார் நர்ஸ் அக்கா.

"மூடியெல்லாம் இங்க தனிப் பொட்டலமா இருக்கு" என்றார் டிரைவர்.

எல்லோரும் மெல்லத் திரும்பினார்கள். இடுக்கிக்காரர் செடிக்குள் தலையை விட்டு எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அவர் மனைவி வானத்தைப் பார்த்தார். பாவம், முறை என்று வந்துவிட்டால், குப்பை போடும்போது மட்டும் விட்டுக்கொடுக்க மனது வருமா?

டீச்சர் தொண்டையைச் செருமினார். "இந்த மாதிரி ஆளை லேசுல விடக்கூடாது. வாராவாரம் வந்து கண்காணிக்கணும்."

"ஆமா டீச்சர், மாசம் ஒருதடவைன்னா கைமீறிப் போயிடும்" என்றார் டிரைவர்.

மறுவாரம் இடுக்கிக்காரர் பயந்து பயந்து போட்டது இரண்டே பாட்டில். சேர்ந்ததோ ஒரு முழுச் சாக்கு. ஒவ்வொன்றும் கழுவியது. "இது யாரு..." என்று ஆரம்பித்தவர், சுற்றியிருந்த அப்பாவி முகங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சாக்கின் வாயை முறைப்படி முறுக்கிக் கட்டினார். டிரைவர் ஒரு பக்கமும் டீச்சர் ஒரு பக்கமும் தூக்கிக் கொடுக்க, குப்பை லாரிக்காரர் வாங்கிக்கொண்டார்.

"என்ன சார், உங்க தெருக் குப்பை மட்டும் மணக்குது?"

நீங்களும் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். நாளை ஞாயிறு. உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியோரம் ஒரு காலி பாட்டில் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருக்கிறதே, அது எதற்காம்?