கல்லீரல் உள்ள நாற்காலி

மாடிப்படியில் கூட்டம் பிதுங்கியது. எல்லாம் ஸ்கேன் சாமியைப் பார்க்கத்தான். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. கையில் ஒரு பட்டையைச் சுற்றுவார். திரையில் பச்சைக்கோடு ஓடும். உடம்புக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ்கள் உறுப்புவாரியாக வரிசைகட்டி நிற்கும். சாமி கண்ணை மூடி ஒரு பொத்தானைத் தட்டுவார். 'அழிக்கப்பட்டது' என்று வரும். போன வருஷம் வரை கம்ப்யூட்டர் பழுது பார்த்தவருக்குத் திடீர் ஞானம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஞானத்துக்கு ரசீதா கேட்பார்கள்?

கீழே ஜெராக்ஸ் கடைக்காரிக்கு நல்ல வியாபாரம். சாமியின் புகழ் பாடும் நோட்டீஸை அவள்தான் நகலெடுத்துக் கொடுத்தாள். எடுக்க எடுக்க நம்பிக்கையும் மையோடு ஒட்டிக்கொண்டது. "குழந்தைக்குத் தட்டம்மை ஊசியெல்லாம் வேணாம்மா, நான் அப்டேட் போட்டுடறேன்" என்று சாமி சொன்னார். நாளைக்குத் தன் குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியை அவள் மனசுக்குள் ரத்து செய்துவிட்டாள். எதிர்வீட்டுக் குழந்தை அதே தட்டம்மையில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தது.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாய்க்கு வடிகட்டி கிடையாது.

"என்ன அண்ணி, அப்டேட் போட இது குழந்தையா, கம்ப்யூட்டரா?"

"வைரஸுன்னா வைரஸுதானே! என் கம்ப்யூட்டருக்கு வந்ததையே அவர்தான் எடுத்தார்."

"நல்லாயிருக்கு! தலைவலியும் தலையணையும் ஒண்ணுதான்னு சொல்லுவீங்க போல." நாத்தனார் ஒரு காகிதத்தை எடுத்தாள். "இதுல 'என்னைக் காப்பி எடு'ன்னு ஒரு உத்தரவு இருக்குன்னு வைங்க. சும்மா கிடந்தா என்ன செய்யும்?"

"கிடக்கும்."

"உங்க மெஷினுக்குள்ள போனா?"

"காப்பியா வந்து விழும்."

"அதுதான் வைரஸ். திங்காது, மூச்சு விடாது, தானாப் பெருகாது. நம்ம செல்லோட கதவுக்குப் பொருந்தற சாவி மட்டும் வச்சிருக்கும். உள்ள நுழைஞ்சு உத்தரவை நீட்டும். செல்லு தன் வேலையை விட்டுட்டு அதுக்குக் காப்பி போட்டுத் தள்ளும். காப்பியெல்லாம் கிளம்பி அடுத்த கடைக்குப் போகும்."

"என் மெஷின், என் மை, என் காகிதம்! கடைசியில என் கடையே காலியா?" ஜெராக்ஸ்காரிக்கு முதல்முறையாக வைரஸ்மேல் கோபம் வந்தது. "அப்போ ஊசி?"

"பல்லைப் பிடுங்கின வைரஸை உள்ள அனுப்பி, நம்ம காவல்காரனுக்கு அதோட மூஞ்சியக் காட்டி வைக்கறது. நிஜ ஆளு வந்தா உடனே அமுக்கிடுவான்."

ஜெராக்ஸ்காரி யோசித்தாள். "மெஷினே இல்லாத இடத்துல காப்பி வராதில்ல?"

"எப்படி வரும்?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று மாடியேறினாள். பின்னாலேயே நாத்தனார்.

"வாம்மா, குழந்தை கையை நீட்டு" என்றார் சாமி.

ஜெராக்ஸ்காரி பட்டையை வாங்கி நாற்காலியின் மரக்கையில் இறுக்கிச் சுற்றினாள். சாமி பதறி எழுந்தார். பச்சைக்கோடு பவ்யமாக ஓடியது. நுரையீரலில் இருபத்துமூன்று வைரஸ். கல்லீரலில் பதினான்கு. அழிக்கும் பொத்தானையும் அவளே தட்டிவிட்டாள்.

"சாமி, நாற்காலிக்குக் கல்லீரல் எந்தப் பக்கம்?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது... உட்கார்ந்தவங்ககிட்டேருந்து ஒட்டினது."

"வைரஸ் ஒட்டிச்சு, சரி. நுரையீரலை யாரு மறந்து வச்சிட்டுப் போனது?"

"யோவ், எனக்கும் இருபத்துமூணுதான்யா வந்துது!" என்று வரிசையிலிருந்து தையல்காரர் கத்தினார். "எனக்கும்!" "என் மாமியாருக்கும்!" கூட்டம் எண்ணிக்கையை ஒப்பிட்டு முடிப்பதற்குள், "சர்வர் கோளாறு" என்று முனகியபடி சாமி பின்படி வழியாக நழுவினார். போகிற அவசரத்தில் திரையை அணைக்க மறந்துவிட்டார். 'வாழ்த்துகள்! இனி நீங்கள் பூரண நலம்' என்று நாற்காலிக்கு வந்த செய்தி மின்னிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஊசி போட்டபோது குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. அம்மாவுக்கு அந்த அழுகை காதுக்கு இதமாக இருந்தது.

நாற்காலியைக் குறை சொல்ல வேண்டாம். அதற்குக் கல்லீரலும் இல்லை, மூளையும் இல்லை. அதில் உட்கார வரிசையில் நின்றவர்களுக்கு என்ன இல்லாமல் போயிற்றாம்?